பரணில் பதினொரு பெட்டி: எதை வைப்பது, எதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவது

சென்னை வேளச்சேரியில் வாடகை வீடு, இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பரண் முழுக்க இசைக்கருவிகள் வந்த அட்டைப்பெட்டிகள். 61 கீ கீபோர்டு ஒன்று, 88 கீ டிஜிட்டல் பியானோ ஒன்று, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, ஸ்டூடியோ மானிட்டர் எனும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கண்டென்சர் மைக் ஒன்று, கிட்டார் ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் பெடல் நான்கு, கிட்டார் ஒன்று என்று மொத்தம் பதினொரு பெட்டி. எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொல்கிறார் அம்மா. "பெட்டியோடு விற்றால் எவ்வளவு விலை கூடும்?" என்பது உங்கள் கேள்வி. அதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். உங்களுக்கு வேண்டியது விலைப்பட்டியல் இல்லை என்று தோன்றுகிறது. எதைத் தூக்கிப்போட்டால் இரண்டு வருடம் கழித்து "அய்யோ" என்று இருக்காது, அதைத்தான் கேட்கிறீர்கள். அப்படியே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

சென்னையில் பத்தொன்பது வருடமாகப் பழைய கீபோர்டு, மைக், ஸ்டூடியோ சாமான்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறேன். அதற்கு முன் ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவருக்கு ஒயர் சுற்றிக்கொடுத்த பையன். அதனால் நான் சொல்லும் விலை எல்லாம் சென்னையில் கைமாறும் விலை. மும்பைக்காரர் வேறு எண் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். வீணை, மிருதங்கம் என் தொழில் இல்லை. அங்கே கம்பெனிப் பெட்டி என்ற பேச்சும் இல்லை. தஞ்சாவூர் வீணையை வாங்க வருகிறவர் யார் செய்தது, எப்படிப்பட்ட பலா, மெழுகுச்சட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்க மாட்டார்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகப் புழங்கும் கருவிக்குப் பெட்டி இருப்பதால் விலை பெரிதாக ஏறாது. பத்தாயிரம் ரூபாய்க்குக் கைமாறும் 61 கீ கீபோர்டுக்குப் பெட்டி இருந்தால் 300 ரூபாயோ 500 ரூபாயோ கூடக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. வாங்க வருகிறவர் எல்லா கீயையும் அழுத்திப் பார்ப்பார், வால்யூம் திருகியில் கரகரப்பு வருகிறதா என்று கேட்பார், டிஸ்ப்ளேயில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பேரம் முடிந்து பணத்தை எண்ணும்போதுதான் "பாக்ஸ் இருக்கா சார்?" என்பார். இருக்கிறது என்று நீங்கள் பரணில் ஏறித் தூசியோடு இறக்கிவைத்தால், "பரவாயில்லை சார், வண்டியில வந்திருக்கேன், பேக்ல போட்டுக்கறேன்" என்று பெட்டியை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். இது எனக்கு எத்தனை முறை நடந்திருக்கிறது என்று கணக்கே இல்லை.

ஆனால் விலையைக் குறைக்கும் சமாச்சாரம் வேறு இருக்கிறது. அது பெட்டிக்குள் கிடக்கும் சின்னச் சாமான்கள். அதே பத்தாயிரம் ரூபாய் கீபோர்டுக்கு ஒரிஜினல் அடாப்டர் இல்லையென்றால் பேரத்தில் 1,500 ரூபாய் போய்விடும். காரணம் அடாப்டரின் விலை மட்டும் இல்லை, பயம். யமஹாவின் சின்ன கீபோர்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். ரோலண்ட், பாஸ் (Boss) கம்பெனிப் பெடல்கள் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். முனை அளவு ஒத்துப்போகிறதே என்று ஒன்றின் அடாப்டரை இன்னொன்றில் சொருகிப் போர்டைக் கருக்கியவர்களால்தான் என் தொழிலில் பாதி வருமானம். அடாப்டர் இல்லாத கீபோர்டைப் பார்த்ததும் "இதில் வேறு எதைச் சொருகி ஓட்டினார்களோ" என்று வாங்குகிறவர் யோசிப்பார், நானும் யோசிப்பேன். இதே வரிசையில் நோட்டு வைக்கும் ஸ்டாண்டு, பியானோவோடு வந்த, ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடல், மைக்கை அதிர்விலிருந்து காக்கும் ஷாக் மவுண்ட் பிடி, மைக் கிளிப்புக்குள் திருகியிருக்கும் விரலளவு பித்தளை வளையம் எல்லாம் வரும். அந்த வளையம் இல்லாமல் ஷாக் மவுண்ட் ஸ்டாண்டில் ஏறாது. எத்தனை பேர் அதைக் குப்பை என்று நினைத்து எறிந்திருக்கிறார்கள் தெரியுமா? தெர்மகோல் துண்டுகளில் அடாப்டருக்கென்றே குழி வெட்டியிருப்பார்கள். பெட்டியை அப்படியே தூக்கிப்போடுகிறவர்கள் பலர் அந்தக் குழியில் இருந்த அடாப்டரையும் சேர்த்துப் போடுகிறார்கள். அதனால் எதை எறிந்தாலும் முதலில் ஒவ்வொரு தெர்மகோலையும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று: பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கள். ஒன்றில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கும். இன்னொன்று இந்தியாவில் ஒட்டியது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி இறக்குமதியாகி இங்கே விற்கும் பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். இந்த விவரம் பொதுவாகக் கருவியின் உடம்பில் இருக்காது, பெட்டியில்தான் இருக்கும். ஆக, கருவி முறையாக இந்திய விநியோகஸ்தர் வழியாக வந்ததா, யாரோ சூட்கேஸில் மறைத்துக் கொண்டுவந்து விற்றதா என்று எனக்கு முதலில் சொல்வது அந்த ஸ்டிக்கர். முறையாக வந்தது என்றால் சர்வீஸ் சென்டரில் உதிரிபாகம் கேட்கும்போது முகம் சுளிக்க மாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது என்றால் 120 வோல்ட் மட்டும் ஏற்கும் கருவியாக இருக்குமோ என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பில்லும் இந்த ஸ்டிக்கரும் ஒரே சீரியல் நம்பரைக் காட்டி, கருவியின் அடியிலும் அதே நம்பர் இருந்துவிட்டால் நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை, விலையிலும் அதிகம் இழுப்பதில்லை. திருட்டுப் பொருளை வாங்கி மாட்டிக்கொள்ளும் பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. முழுப் பெட்டியும் தரும் நம்பிக்கையில் பெரும்பங்கு உள்ளங்கை அகல ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. கத்தரித்து பில்லோடு பின் போட்டு வையுங்கள்.

பெட்டி இருந்தால் அசல் சரக்கு என்று நம்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போலி மைக்குகளில் அதிகம் வருவது ஷூர் எஸ்எம்58. 1966 முதல் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள், அதனால் அச்செடுப்பது எளிது. தொழிலில் புதிதாக இருந்தபோது பெட்டி, பை, கிளிப், காகிதம் எல்லாம் கச்சிதமாக இருந்த நாலு மைக்கை ஒருவரிடம் வாங்கினேன். பெட்டியைப் பார்த்து மயங்கிப் பேரம்கூட சரியாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் ஒன்றும் 298 கிராம் வரவில்லை. நிறுவனம் சொல்லும் எடை அதுதான். வலையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வேறு கதை. அன்றிலிருந்து அட்டையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். இன்னொன்று, வெறும் பெட்டியை மட்டும் விற்கிறவர்களும் இணையத்தில் இருக்கிறார்கள். நீங்கள் எறிகிற பெட்டியில் ஸ்டிக்கரை விட்டுவைத்தால் அது நாளைக்கு ஒரு போலிக்கு உடுப்பாகலாம். அதற்காகவும் கத்தரியுங்கள்.

சரி, அப்படியென்றால் பெட்டியால் உண்மையான பணம் எங்கே வருகிறது? பார்சலில். ஒரு முறை 88 கீ பியானோ ஒன்றை நாகர்கோவிலில் ஒருவருக்கு விற்றேன். கம்பெனிப் பெட்டி இல்லை. இரண்டு கம்பளி, பபிள் ராப், ஃபிரிட்ஜ் பெட்டியை வெட்டி ஒட்டிய அட்டை, மேலே கோணி போட்டுத் தையல். எனக்கே பெருமையாக இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்க ஓரம் நசுங்கி, கடைசி நான்கு கீ எழவே இல்லை. யாரோ அதை நெட்டுக்குத்தாக இறக்கியிருக்கிறார்கள். எடை கூடிய கீ உள்ள பியானோவில் ஒவ்வொரு கீக்கும் பின்னால் ஒரு சுத்தியல் இருக்கிறது. அத்தனை எடையும் ஒரு முனையில் வந்து விழுந்தால் உள்ளே பிளாஸ்டிக் காது முறிந்துவிடும். கம்பெனிப் பெட்டியில் இரண்டு முனையிலும் இருக்கும் தெர்மகோல் இந்த அடியைத்தான் வாங்கிக்கொள்கிறது. கருவியின் உடம்பு அட்டையைத் தொடாமல் அந்த இரண்டு முனைத் துண்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பளியால் அதைச் செய்ய முடியாது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய்ப் பழுது பார்த்துவிட்டு வந்தேன். பார்சல்காரர் "சரியா பேக் பண்ணல" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார்; அவர் சொன்னதும் பொய் இல்லை.

ஸ்டூடியோ மானிட்டருக்கும் இதேதான். அதன் முன்பக்கக் கோன் திறந்தே இருக்கும், ஒரு விரல் பட்டால் போதும். கம்பெனிப் பெட்டியில் கோனுக்கு முன்னால் காலி இடம் விட்டு, ஓரங்களை மட்டும் தாங்குவது போல அச்சு வார்த்திருப்பார்கள். வீட்டில் சுற்றுகிறவர்கள் பபிள் ராப்பை முன்பக்கமும் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள், போகிற வழியில் ஒரு குலுக்கலில் ட்வீட்டர் எனும் சின்ன ஸ்பீக்கர் உள்ளே போய்விடும். ஜோடியில் ஒன்று கெட்டால் மற்றதும் பாதி விலைதான்.

வெளியூருக்கு அனுப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. யமஹா பி-45 போன்ற 88 கீ பியானோவின் எடை 11.5 கிலோதான். ஆனால் விமானப் பார்சலுக்கு கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கம். 140க்கு 40க்கு 25 என்று ஒரு பெட்டி இருந்தால் கணக்கு 28 கிலோ வரும், அதற்குத்தான் காசு வாங்குவார்கள். அதனால் கம்பெனிப் பெட்டி கூரியரில் செலவை ஏற்றும். ஆனாலும் சுத்தியல் முறிந்த செலவைவிட அது குறைவு. ரயிலிலோ லாரியிலோ போட்டால் கணக்கு மாறும், ஆனால் சாமானைத் தூக்கியெறியும் கை ஒன்றுதான்.

சேகரிப்பாளர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பெட்டியோடு இருந்தால் இரட்டிப்பு விலை" என்ற கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அது பொய்க்கதை இல்லை, ஆனால் நம் சாமான்களைப் பற்றிய கதை இல்லை. பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் சின்னப் பெடல்களை, 80களில் ஜப்பானில் தயாரானவற்றை, அதே நம்பர் உள்ள பெட்டியோடும் காகிதத்தோடும் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாள இயந்திரம் அட்டைப்பெட்டியோடு வந்தால் அது வேறு பேச்சு. கிட்டாரில் அட்டைப்பெட்டியைவிட அதோடு வந்த மரக் கேஸ்தான் மதிப்பு. 1958 முதல் 1960 வரை வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டார்களுக்கு வெளியே பழுப்பு, உள்ளே இளஞ்சிவப்புத் துணி போட்ட லிஃப்டன் கேஸ் சேர்ந்தே இருந்தால் வாங்குகிறவரின் கண் விரியும். அந்தக் கேஸுக்கே தனியாக விலை உண்டு. உயர்ந்த வகை மைக்குகளிலும் நாய்மன் நிறுவனத்தின் மரப்பெட்டி போன்றவற்றுக்கு அதே மரியாதை. இதிலெல்லாம் பெட்டிக்கு மதிப்பு வந்ததே அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத் தூக்கியெறிந்ததால்தான். இன்றைக்கு எல்லோரும் பரணில் பத்திரமாக வைக்கிறார்கள். நாற்பது வருடம் கழித்து உங்கள் பெடல் பெட்டி அபூர்வப் பொருளாகுமா என்றால், ஆகாது என்பது என் கணிப்பு. இதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பரண். சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீட்டின் பரணில் மே மாதம் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வைத்த அட்டை முதலில் ஈரத்தை உறிஞ்சி, பிறகு காய்ந்து, இப்படியே நாலைந்து மழைக்காலம் கழிந்ததும் பழைய பலம் இல்லாமல் போய்விடும். வெளியே பார்க்கப் பெட்டிதான், தூக்கினால் அடி கழன்றுவிடும். கரையான், இராமபாணப் பூச்சி, கரப்பான் எல்லாமே அட்டைக்கும் அதை ஒட்டிய பசைக்கும் வரும். இவற்றுக்குப் பயந்து சிலர் பாச்சை உருண்டையை உள்ளே போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் ஆவி தெர்மகோலை இளக்கிவிடும், அந்த நாற்றமும் கருவியில் ஏறிவிடும். வாங்க வருகிறவர் மூக்கைச் சுளித்தால் 1,000 ரூபாய் போயிற்று. அப்புறம், ஒயரைத் தெர்மகோலோடு ஒட்டவைத்து வருடக்கணக்கில் வைக்காதீர்கள். ஒயரின் மேலுறையை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய் மாதிரியான பொருள் தெர்மகோலுக்குள் இறங்கி அதைக் கரைக்கும். எடுக்கும்போது ஒயர் பல்லி வால் மாதிரி தெர்மகோலில் புதைந்து கிடக்கும். கம்பெனியில் அடாப்டரைத் தனி பாலித்தீன் பையில் போட்டுத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பையைக் கிழித்து எறியாதீர்கள். கறுப்பு ஸ்பாஞ்ச் போட்ட பெட்டி என்றால் இன்னொரு தொல்லை: அந்த வகை ஸ்பாஞ்ச் நம் புழுக்கத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரும், மைக்கின் வலைக்குள் அந்தப் பொடி போய்விட்டால் சுத்தம் செய்வது பெரும் பாடு.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மாதம் என் கடையில் தண்ணீர் புகுந்த கருவிகளைத் தவிர வேறு வேலை இல்லை. அப்போது ஒன்று கவனித்தேன். ஸ்டாண்டில் வெளியே வைத்திருந்த கீபோர்டுகள் பல தப்பியிருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் போட்டுத் தரையில் வைத்தவை தப்பவில்லை. தண்ணீர் முழங்கால் அளவுதான் வந்த வீடுகளில்கூட அட்டை தண்ணீரை மேலே மேலே இழுத்து, வடிந்த பிறகும் நாள் கணக்கில் ஈரத்தைக் கருவியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. உங்கள் பகுதி வேளச்சேரி என்று பார்த்ததால் சொல்கிறேன், புது வீடு எங்கே என்று தெரியாது.

இதையொட்டி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். "விற்கும் வரை பெட்டியிலேயே வைத்துவிட்டால் புதுசு மாதிரி இருக்கும்" என்று உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் என்ற சிந்தசைசரில் மெமரிக்காக வைத்த பேட்டரி கசிந்து கீழே உள்ள போர்டை அரித்துவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பெட்டியில் இருந்தாலும் அரிக்கும். ரோலண்டின் ஜேடி-800 (1991), பிறகு நம் ஊர் இன்னிசைக் குழுக்களில் கண்ட எக்ஸ்பி-80 போன்றவற்றில் கீயின் அடியில் எடைக்கட்டியை ஒட்டிய சிவப்புப் பசை வருடம் போகப் போக இளகி வழியும். ஒரு எக்ஸ்பி-80 பெட்டியோடு நெட்டுக்குத்தாகப் பரணில் நின்றிருந்தது, பத்து வருடம் யாரும் தொடவில்லை. உரிமையாளர் "பாக்ஸ் பீஸ் சார், கை படாத சரக்கு" என்று பெருமையாகக் கொண்டுவந்தார். திறந்தால் ஒரு பக்கமாக வழிந்த பசை கீகளின் தொடுபுள்ளிகளில் ஜாம் மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. பெட்டி மட்டும் அழகாக இருந்தது. இன்றைய கீபோர்டுகளில் இந்தப் பசை இல்லை, ஆனால் கீயின் அடி ரப்பர், கெப்பாசிட்டர் எல்லாம் சும்மா கிடந்தாலும் வயதாகும். மாதம் ஒரு முறையாவது ஓட்டும் கருவியை வாங்கத்தான் எனக்கு விருப்பம்.

பெட்டியை வைப்பதாக முடிவு செய்தால் முழுப் பெட்டியாக வைக்கத் தேவையில்லை. அடியில் உள்ள டேப்பைக் கிழிக்காமல் பிளேடால் நேராகக் கீறுங்கள், பெட்டி தட்டையாக மடிந்துவிடும். கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போகும். இடத்தை அடைப்பது தெர்மகோல்தான். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு அட்டையை மட்டும் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தலைகீழ் வேலை. அட்டையை எந்தப் பட்டறையிலும் அளவுக்கு வெட்டி வாங்கலாம். உங்கள் மாடலின் முனைக்குச் சரியாகப் பொருந்தும் தெர்மகோலை வாங்க முடியாது. துண்டுகளின் மேல் பேனாவால் இடது, வலது, மேல், கீழ் என்று எழுதிவையுங்கள். இல்லையென்றால் விற்கும் நாளில் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். எல்லாவற்றையும் பெரிய பாலித்தீனில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள்.

இப்போது உங்கள் பதினொன்று. 88 கீ பியானோவின் பெட்டியும் தெர்மகோலும் இருக்கட்டும். எட்டு வருடம் வாசிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குள் இரண்டு வீடாவது மாறுவீர்கள். மானிட்டர் இரண்டும் இருக்கட்டும், அதே காரணம். மைக்கின் பெட்டி சின்னது, அதை எறிவதில் என்ன லாபம்? ஷாக் மவுண்ட், பை, காகிதம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போடுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும் செருப்பு டப்பா அளவுதான், வைக்கலாம். ஆனால் அதில் பெட்டியைவிட முக்கியமானது, கம்பெனித் தளத்தில் உங்கள் பெயரில் அதைப் பதிவு செய்திருப்பீர்கள், கூடவே மென்பொருள் வந்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்கிக் கொடுக்க முடியுமா என்று இப்போதே பார்த்துவையுங்கள். வாங்கினவர் பதிவு செய்யப்போய் "ஏற்கனவே வேறொருவர் பெயரில்" என்று வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.

பெடல் நான்கும் என்னைக் கேட்டால் ஸ்டிக்கரைக் கத்தரித்துக்கொண்டு எறியலாம். ஆனால் நான்கில் ஒன்று கைவேலைச் சின்ன நிறுவனத்துடையது, குறைந்த எண்ணிக்கையில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் வையுங்கள், அந்த வகைக்கு வாங்குகிறவர்கள் பெட்டி கேட்பார்கள். மீதி மூன்றின் பெட்டியும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்றால் எறிய வேண்டிய கட்டாயமும் இல்லை, இதில் நான் கறாராக இல்லை. கிட்டார் பெட்டி போகட்டும். அது வெறும் நீள அட்டை, கிட்டார் இருக்கப் போவது பையில். 61 கீ கீபோர்டின் பெட்டிதான் அம்மாவின் கண்ணை உறுத்தும் பெரிய பெட்டி என்று நினைக்கிறேன். அதை வாங்கி நாலு வருடம், வாரண்டியும் முடிந்துவிட்டது, உள்ளூரிலேயே விற்பேன் என்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். அடாப்டர், நோட்டு ஸ்டாண்டு, பில், கத்தரித்த ஸ்டிக்கர் நான்கையும் ஒரு கவரில் போட்டுவிட்டு.

ஆனால் நாளைக்கே பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள். மாதக் கடைசியில் வீடு மாறப்போகிறீர்கள். பதினொரு கருவியும் மினி லாரியில் ஏறப்போகிறது, அவற்றுக்கென்றே அச்சு வார்த்த பதினொரு பெட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் போட்டே கொண்டுபோங்கள். பியானோவைப் படுக்கையாக ஏற்றச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். புது வீட்டில் இறக்கி, ஒவ்வொன்றையும் சொருகி எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, அந்தத் தெருவின் பழைய பேப்பர்காரரிடம் போட்டுக்கொள்ளலாம்.